ஒயில் குடிக்கும் பழைய பிரியஸ்: முடிவெடுக்குமுன் விடும் பிழைகள்

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் இலங்கையில் ஓடிய ஹைபிரிட் எல்லாவற்றுக்கும் ஐந்து வயது கூடியது, விலை இறங்கவில்லை. ஆகவே 2010, 2012 பிரியஸ் ஒன்றை இன்றைக்குத்தான் முதன்முதலாக வாங்குகிறவர்கள் நிறையப் பேர். மூன்று மாதத்தில் ஒரே கேள்வியோடு பட்டறைக்கு வருவார்கள்: "ஒயில் குறையுது, வைச்சிருக்கிறதா, விக்கிறதா?" கேள்வியில் பிழையில்லை. அதற்கு முன்னும் பின்னும் செய்கிற வேலைகளில்தான் பிழை. நேரத்துக்குச் சேர்விஸ் செய், நல்ல ஒயில் போடு என்ற பாடமெல்லாம் இங்கே வராது. அது எல்லோருக்கும் தெரியும்.

அளக்காமல் பேசுவது

"கொஞ்சம் குடிக்குது" என்பது அளவு அல்ல. சமதரையில் நிறுத்தி, சூடான எஞ்சினை அணைத்து, குறைந்தது ஐந்து நிமிடம் விட்டு டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். மேல் குறி வரை நிரப்பி, ஓடிய கிலோமீற்றரைக் குறித்துக்கொள்ளுங்கள். 1,000 கி.மீ. ஓடியதும் அதே இடத்தில், அதே மாதிரி நிறுத்தி, மீண்டும் மேல் குறி தொடும்வரை அளவுக் குவளையால் ஊற்றுங்கள். ஊற்றிய மில்லிலீற்றர்தான் விடை. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போய் வந்தால் ஏறக்குறைய 800 கி.மீ. ஆகிவிடும், கடினமான சோதனை இல்லை.

கையேட்டில் 1,000 கி.மீ.க்கு ஒரு லீற்றர் வரை போகலாம் என்றுதான் இருக்கிறது. அதை நம்பி நிம்மதியாக இருக்க வேண்டாம். பில்டரோடு சேர்த்து எஞ்சின் பிடிப்பதே 4.2 லீற்றர். கீழ்க் குறிக்கும் மேல் குறிக்கும் இடையில் இருப்பது ஒன்றரை லீற்றர் அளவு. சிவப்பு ஒயில் விளக்கு மட்டத்தைப் பார்ப்பதில்லை, அழுத்தத்தைப் பார்க்கிறது. வளைவில் திரும்பும்போது அது ஒருமுறை மினுங்கினால், ஒயில் எப்போதோ கீழ்க் குறியைத் தாண்டிப் போய்விட்டது என்று பொருள்.

புகை இல்லை என்று நம்புவது

சாதாரணக் காரை ஐடிலில் விட்டு, ஒருதரம் முறுக்கினால் நீலப் புகை தெரியும். பிரியஸ் நின்றால் எஞ்சினும் நின்றுவிடும். வாங்கும்போது பின்னால் போய் நின்று பார்க்கிறவர் பார்ப்பது ஒன்றுமில்லாத குழாயை.

எஞ்சினைத் தொடர்ந்து ஓடவிட மெயின்டனன்ஸ் மோட் இருக்கிறது. பிரேக் மிதிக்காமல் பவர் பட்டனை இரண்டுதரம் அழுத்துங்கள். பார்க்கில் அக்சிலேற்றரை இரண்டுதரம் முழுதாக மிதித்து, நியூட்ரலில் இரண்டுதரம், திரும்பப் பார்க்கில் இரண்டுதரம். எல்லாம் 60 விநாடிக்குள் முடிய வேண்டும். பிறகு பிரேக்கை மிதித்துப் பவரை அழுத்தினால் எஞ்சின் நிற்காமல் ஓடும். பத்து நிமிடம் விட்டு, ஒருதரம் முறுக்கிப் பாருங்கள்.

மலைப்பாதையும் காட்டிக்கொடுக்கும். நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாக இறங்கும்போது பற்றறி நிரம்பிவிட்டால், கார் எஞ்சினைப் பெற்றோல் இல்லாமலே சுழற்றி வேகத்தைப் பிடிக்கும். அந்த நேரத்தில் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கைத் தாண்டி ஒயில் மேலே ஏறும். அடிவாரத்தில் எஞ்சின் பற்றும்போது பின்னால் வருகிறவருக்குப் புகை தெரியும், உங்களுக்குத் தெரியாது.

தடிப்பான ஒயில் ஊற்றுவது

5டபிள்யூ-30 தடிப்பு வரை சரி. 20டபிள்யூ-50 வேண்டாம்.

மேல் குறிக்கு மேல் ஊற்றுவது

"இருக்கட்டும்" என்று ஊற்றியதும் எரிந்துதான் போகும்.

ஜப்பான் எஞ்சின் போட்டால் முடிந்தது என்று நினைப்பது

இதைப் பார்த்தால் இன்னும் எரிச்சல்தான் வருகிறது. கார் ஒயில் குடிக்கிறது, எஞ்சின் தலைக்கும் உடம்புக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கட்டும் போய், காலை ஸ்டார்ட்டில் எஞ்சின் நடுங்குகிறது. கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளில் ஜப்பானில் ஓடிய பழைய எஞ்சின் கிடைக்கும், இரண்டு நாளில் மாற்றிவிடலாம் என்று யாரோ சொல்லிவிடுவார்கள். ஒரு வருடம் போனால் அதே கார் அதே காலை நடுக்கத்தோடு திரும்பி வரும்.

ஒயில் எந்த வழியால் போகிறது என்று தெரிந்தால் காரணம் விளங்கும். இந்த 1.8 லீற்றர் எஞ்சினில் உராய்வைக் குறைப்பதற்காக ஒயில் ரிங்கை இறுக்கம் குறைந்ததாக வைத்திருக்கிறார்கள். ரிங் வழித்தெடுக்கும் ஒயில் பிஸ்டனிலுள்ள சிறு துளைகளால் கீழே வடிய வேண்டும். துளைகள் கரி பிடித்து அடைபட்டால் ரிங்கும் காடியில் ஒட்டிக்கொள்ளும், ஒயில் சிலிண்டர்ச் சுவரிலேயே நின்று எரியும். எரிந்த கரி முழுதும் சைலன்சரால் வெளியே போய்விடாது. எக்ஸோஸ்ட் வாயுவில் ஒரு பங்கைக் குளிரவைத்துத் திரும்ப உள்ளே அனுப்பும் ஈஜிஆர் கூலர் ஒன்று இந்த எஞ்சினில் இருக்கிறது. கரி அதில் படியும். எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்வு வழியாக இன்டேக்குக்கு (காற்று உள்ளே போகும் வழிக்கு) வரும் ஒயில் ஆவி அந்தக் கரியைத் தார் மாதிரி ஆக்கிவிடும். காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் மேனிஃபோல்டில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் ஈஜிஆர் துளை சின்னது. ஒன்று அடைபட்டால் அந்தச் சிலிண்டருக்கு மட்டும் குளிர்ந்த வாயு கிடைக்காது, சூடு ஏறும். கேஸ்கட் விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் இப்படி மூச்சுத் திணறிய எஞ்சின்களில்தான்.

இப்போது அந்த ஜப்பான் எஞ்சினைப் பாருங்கள். அதே வருடங்களின் தயாரிப்பு, அதே ரிங். எவ்வளவு ஓடியது என்பதற்குக் கடைக்காரரின் வாய்ச்சொல்தான் சாட்சி. கூலர் வந்தால் கரியோடு வரும். வராவிட்டால் பழைய எஞ்சினின் கூலரையும் மேனிஃபோல்டையும் கழுவாமலே இதில் பூட்டிவிடுவார்கள். நோயைக் கழற்றிப் புது உடம்பில் பூட்டுகிற வேலை.

கூலரைக் கழற்றினால் வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். தேன்கூடு மாதிரிக் கட்டங்களுக்குள்ளால் வெளிச்சம் தெரிய வேண்டும். அடைபட்டதில் கறுப்புத் தகடு ஒன்றுதான் தெரியும். தட்டினால் அடுப்புச் சாம்பல் மாதிரிப் பொலபொலவென்று உதிரும். கம்பியால் குத்தாதீர்கள். உள்தகடு மெல்லியது, ஓட்டை விழுந்தால் எஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்ட் இன்டேக்குக்குள் போகும். கொழுப்பகற்றும் திரவம் கலந்த சுடுதண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி, தெளிந்த தண்ணீர் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். மேனிஃபோல்டின் நான்கு துளைகளுக்கும் சின்ன பிரஷ் போதும்.

எஞ்சின் வாங்கியே ஆக வேண்டுமானால், காசு கொடுக்குமுன் ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி ஒழுங்காக வரிசையில் வையுங்கள். ஒன்று மட்டும் ஈரமாகவோ சாம்பல் கட்டியோ இருந்தால் அந்த எஞ்சினை விடுங்கள். துளையால் கமரா விட்டுப் பிஸ்டன் தலையைப் பாருங்கள்: மூன்று கறுப்பாக இருக்க, ஒன்று மட்டும் கழுவித் துடைத்த மாதிரி மினுங்கினால் அங்கே கூலன்ட் போயிருக்கிறது. கம்ப்ரஷன் அளந்தால் எண் குறைவாகத்தான் வரும், இன்டேக் வால்வு தாமதமாக மூடும் எஞ்சின் இது; நான்குக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பாருங்கள். எஞ்சின் இலக்கம் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். இதை மறந்தவருக்கு விற்கும் நாளில்தான் நினைவு வரும்.

உங்கள் பழைய எஞ்சினில் ஹெட் வளையாமலும் சிலிண்டர்ச் சுவர் கீறாமலும் இருந்தால், அதையே இறக்கிப் புதுப் பிஸ்டன், ரிங் போடுவது எங்கள் கணக்கில் மேல். என்ன போட்டோம் என்றாவது தெரியும். ஹெட்டைத் திறந்துவிட்டு, ரிங்கைத் தொடாமல் கேஸ்கட்டை மட்டும் மாற்றி மூடுவது இதே பிழையின் தம்பி.

ஊறவைத்துவிட்டு அப்படியே ஸ்டார்ட் செய்வது

ரிங் ஒட்டியிருந்தால் கரி கரைக்கும் திரவம் சில வேளை உதவும். கார் அணைந்து, சாவி தூரத்தில் இருக்கட்டும். கிராங்க் போல்ட்டைக் கையால் திருப்பி, நான்கு பிஸ்டனையும் நடுமட்டத்தில் சமமாக நிறுத்தி, ஒவ்வொன்றிலும் 30 முதல் 50 மி.லீ. விட்டு ஒரு இரவு வையுங்கள். மறுநாள் மிஞ்சியதை ஊசிக்குழாயால் உறிஞ்சி எடுத்து, இன்ஜெக்டர் வயர்களைக் கழற்றி, பிளக் இல்லாமலே முதலில் சுழற்ற வேண்டும். சாதாரண ஸ்டார்ட்டர் என்றால் திணறி நிற்கும். இங்கே எஞ்சினைச் சுழற்றுவது பெரிய மின்மோட்டர். உள்ளே திரவம் இருந்தால் கனெக்டிங் ராடை வளைத்துவிட்டுத்தான் நிற்கும். முடிந்ததும் ஒயிலை உடனே மாற்றுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் பிசிவி வால்வைப் பாருங்கள். மலிவான சாமான்.

பற்றறிக்கு முதலில் காசைக் கொட்டுவது

எஞ்சினை அளந்த பிறகுதான் பற்றறி.

ஒயில் செலவை வைத்து முடிவெடுப்பது

வருடம் 12,000 கி.மீ. ஓடி, 1,500 கி.மீ.க்கு ஒரு லீற்றர் குடித்தால் வருடத்துக்கு எட்டு லீற்றர், இரண்டு ஒயில் மாற்றத்துக்கும் குறைவு. இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு "பரவாயில்லை, ஊற்றி ஊற்றி ஓடலாம்" என்கிறார்கள். எரியும் ஒயில் கூலரையும், புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கன்வேற்றரையும் சேர்த்துத் தின்கிறது. கன்வேற்றர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 கோட் வந்தால் அதன் விலையையும் கேட்டுப் பாருங்கள்.

3,000 கி.மீ.க்கு ஒரு லீற்றருக்குள், கூலன்ட் குறையவில்லை, காலை ஸ்டார்ட்டில் நடுக்கம் இல்லை என்றால் வைத்திருங்கள். கூலரையும் மேனிஃபோல்டையும் இப்போதே கழுவி, டிப்ஸ்டிக்கைக் கிழமைக்கு ஒருதரம் பாருங்கள். 2,000க்கு ஒன்று என்றால் பிசிவியும் ஊறவைத்தலும் செய்து மறுபடி அளவுங்கள். 1,000க்கு ஒன்று என்றால் ரிங் வேலைக்கு விலை கேட்க வேண்டியதுதான். கேட்குமுன் ஸ்கானரில் பிரேக்கைப் பாருங்கள். பிரேக் அழுத்தம் கசிகிறது என்று சொல்லும் சி1391 கோட் இருந்தாலோ, பிரேக் தொடாமலே பம்ப் அடிக்கடி உறுமினாலோ, பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கும் அக்சுவேற்றரும் போகிறது. எஞ்சினும் அதுவும் ஒன்றாக வந்தால் விற்றுவிடுங்கள், ஒயில் குறிப்பேட்டை வாங்குகிறவர் கையில் கொடுத்து.