வாக்கரில் ஒரு துளை

இடுப்பு எலும்பு அறுவைக்குப் பிறகு அம்மாவுக்குச் சிங்கப்பூர் தோ பாயோ வீட்டிலேயே பிசியோதெரபி பயிற்சி. கால் தேறியது, ஆனால் நாலாம் நாளிலிருந்து தோள்பட்டை வலி. தைலம் தேய்த்தோம், தலையணை மாற்றினோம், இரண்டு நாள் பயிற்சியையே நிறுத்தினோம். (அதுதான் பெரிய தப்பு, கால் மறுபடி இறுகிவிட்டது.)

அப்புறம்தான் கவனித்தேன்: வாக்கரை (பிடித்து நடக்கும் நான்கு கால் சட்டம்) பிடித்தால் அம்மாவின் தோள் இரண்டும் காதை நோக்கி ஏறின. மருத்துவமனையில் தடித்த காலணியோடு நிற்கவைத்து அதன் உயரத்தை வைத்திருந்தார்கள். வீட்டுக்குள் நாம் வெறுங்கால்தானே?

கையைத் தொங்கவிட்டு நிற்கச் சொன்னேன். பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக இருக்க வேண்டும். இரண்டு விரல் மேலே இருந்தது. நான்கு கால்களிலும் பொத்தானை அழுத்தி ஒரு துளை இறக்கினேன். இப்போது பிடித்தால் முழங்கை லேசாக, 15 முதல் 20 டிகிரி மடங்கியது. பிசியோ சிகிச்சையாளரும் நான் எடுத்த படத்தைப் பார்த்துச் சரி என்றார். மூன்றாம் நாள் வலி போய்விட்டது.