ஒளியில் இயங்கும் அயனி டூத் பிரஷ்ஷா? முதலில் விளக்கைப் போடுங்கள்

இந்த பிரஷ்ஷில் மோட்டார் கிடையாது, அதிர்வும் இருக்காது. உள்ளே டைட்டானியம் டை ஆக்சைடு கம்பி ஒன்று இருக்கும். அதன் மேல் வெளிச்சம் பட்டால் எலக்ட்ரான்கள் கிளம்பும். அவை எச்சிலின் ஈரம் வழியாகப் பல்லை எட்டி, மேலே படிந்த பிசுபிசுப்பை இளக்க வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை. சில வகைகளில் கைப்பிடியிலேயே சிறிய சோலார் தகடும் உண்டு.

அதனால் அரை இருட்டில் தேய்க்காதீர்கள். குளியலறை விளக்கே போதும். கையையும் பிரஷ்ஷையும் நனைத்துக்கொள்ளுங்கள். ஈரக் கை கைப்பிடியைத் தொட்டால்தான் மின்னோட்டப் பாதை முழுமையாகும். தகடு இருந்தால் விரலால் மறைக்காமல் பிடியுங்கள்.

அப்புறம், அழுத்தவே வேண்டாம். பேனா பிடிப்பதுபோல விரல்நுனியில் பிடித்தால் கை தானாக இலகுவாகிவிடும். தூரிகையை ஈறோரம் 45 டிகிரி சாய்த்து, சின்னச் சின்ன அசைவாக 2 நிமிடம் தேய்த்தால் சரி. சில வாரங்களிலேயே இழைகள் வெளிப்பக்கம் மடங்கிவிட்டால், நீங்கள் அழுத்தித் தேய்க்கிறீர்கள் என்று அர்த்தம்.

பேஸ்ட்டே வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சொத்தையைத் தடுப்பது ஃப்ளூரைடு. பட்டாணி அளவாவது வையுங்கள். 3 மாதத்துக்கு ஒருமுறை தலைப்பகுதியை மட்டும் மாற்றினால் போதும், கைப்பிடி அப்படியே இருக்கட்டும். மென்மையாகத் தேய்த்தும் ஈறில் ரத்தம் நிற்காவிட்டால் பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.