தமிழ்க் கட்டுரைகளில் சொற்களை எண்ணுவது எப்படி? ஆன்ட்காங்க் அறிமுகம்

கையில் இருக்கும் தமிழ்க் கட்டுரைகளில் எந்தச் சொல் அதிகம் வருகிறது, எதோடு சேர்ந்து வருகிறது என்று பார்க்க நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஜப்பானின் வசேடா பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரன்ஸ் ஆந்தனி உருவாக்கிய ஆன்ட்காங்க் (AntConc) என்ற மென்பொருள் போதும். இலவசம்தான், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஆனால் ஆங்கிலத்துக்கு எழுதிய விளக்கத்தை அப்படியே பின்பற்றினால் தமிழில் சிக்கல் வரும்.

முதலில் உரை. தமிழ் விக்கிப்பீடியாவில் மழை, காடு, ஏரி பற்றிய கட்டுரைகளை எடுத்து, மேற்கோள் பட்டியலை நீக்கிவிட்டு, ஒரு கட்டுரைக்கு ஒரு டெக்ஸ்ட் கோப்பாக யூடிஎஃப்-8 குறியீட்டில் சேமியுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருப்பதை யூனிகோடுக்கு மாற்றிய பிறகே சேருங்கள்.

அடுத்து, மென்பொருளில் உரைத் தொகுப்பை உருவாக்கும் இடமான கார்ப்பஸ் மேனேஜரில் கோப்புகளைச் சேர்க்கும்போது, எதைச் சொல் என்று கொள்வது என்ற அமைப்பைக் கட்டாயம் பாருங்கள். அங்கே 'லெட்டர்' மட்டும் தேர்வாகியிருந்தால் 'மார்க்' என்பதையும் சேர்க்க வேண்டும். யூனிகோடு நம் புள்ளி, கொம்பு, துணைக்கால் எல்லாவற்றையும் மார்க் என்றுதான் வகைப்படுத்துகிறது, அதைச் சேர்க்காவிட்டால் 'மழையில்' என்ற ஒரே சொல் மழ, ய, ல என்று மூன்று துண்டாக உடைந்து, அதன்பின் வரும் எந்த எண்ணும் பயன்படாது.

சரி, இப்போது 'வேர்ட்' பகுதியில் ஸ்டார்ட் அழுத்தினால் பட்டியல் வரும். மேலே ஒரு, மற்றும், என்ற போன்றவை நிற்கும், அது இயல்பு. பக்கத்தில் 'ரேஞ்ச்' என்று இருப்பது அந்தச் சொல் எத்தனை கோப்புகளில் வந்தது என்ற கணக்கு. ஒரே கட்டுரையில் மட்டும் குவிந்த சொல்லை அதுதான் காட்டிக்கொடுக்கும்.

தமிழில் இந்தப் பட்டியலை நம்பி உடனே முடிவுக்கு வரக்கூடாது. மரம், மரத்தில், மரங்கள் எல்லாம் தனித்தனி வரிகளாகச் சிதறிக் கிடக்கும், நாம்தான் கூட்ட வேண்டும். தேடும்போது நட்சத்திரக்குறி (*) போட்டால், அதற்குப் பின் எது வந்தாலும் சேர்த்துக்கொள் என்று பொருள். ஆனால் மர* என்று தேடினால் மரபும் மரணமும் சேர்ந்து வந்துவிடும். மரம* என்று தேடுங்கள். மரம் என்று முடித்துவிட்டு நட்சத்திரக்குறி போட்டால், புள்ளிக்குப் பதில் உகரக்குறி வருவதால் 'மரமும்' தப்பிவிடும். அதேபோல் மரத்த*, மரங்க* இரண்டையும் தேடி மூன்றையும் கூட்டுங்கள். 'கால் மரத்துப்போனது' மாதிரி ஏதாவது நுழைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அதைப் பார்க்கத்தான் 'கே.டபிள்யூ.ஐ.சி.' பகுதி: தேடிய சொல் நடுவிலும், முன்பின் சொற்கள் இருபுறமும் வரிவரியாக வரும். எனக்கு இந்த மென்பொருளில் மிகவும் பிடித்த இடம் இதுதான், வெறும் எண்ணைப் பார்த்தால் தெரியாத, சொல் புழங்கும் விதம் இங்கேதான் தெரியும். மழை* என்று தேடி, வலப்பக்கத்து முதல் சொல்லின்படி வரிசைப்படுத்தினால் பெய்தது, பெய்யும், பெய்து எல்லாம் அடுத்தடுத்து வந்து நிற்கும். அப்புறம் 'கொலோகேட்' பகுதியில் அதே சொல்லைக் கொடுத்தால் கூட வரும் சொற்களை எண்ணிக்கையோடு தரும்.

முடிவை எழுதும்போது வெறும் எண்ணிக்கையைக் கொடுக்காதீர்கள். 10,000 சொல் உள்ள தொகுப்பில் 40 முறை வந்தால் ஆயிரத்துக்கு 4. 50,000 சொல்லில் 100 முறை வந்தால் ஆயிரத்துக்கு 2 மட்டுமே. ஆயிரத்துக்கு எத்தனை, எத்தனை கோப்புகளில், எந்த வடிவங்களைக் கூட்டினீர்கள் என்ற மூன்றையும் எழுதி, கீழே நான்கைந்து எடுத்துக்காட்டு வரிகளையும் கொடுங்கள்.