தனியுரிமை அறிவிப்பை எழுதும் முன் செய்ய வேண்டியவை

தனியுரிமை அறிவிப்பு தேவைப்படும்போது இணையதள உரிமையாளர்கள் பலர் வேறொரு தளத்தின் அறிவிப்பை நகலெடுத்து, பெயரை மட்டும் மாற்றிப் பதித்துவிடுகிறார்கள். இதைவிட ஆபத்தான குறுக்குவழி வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். உங்கள் தளத்தில் பயனரின் தரவுக்கு உண்மையில் என்ன நடக்கிறது என்பதை அவருக்கு எழுத்தில் தெரிவிக்கும் உறுதிமொழிதான் தனியுரிமை அறிவிப்பு. நடப்பதும் எழுதியதும் பொருந்தாவிட்டால், அந்த எழுத்தே உங்களுக்கு எதிரான சான்றாகிவிடும்.

ஆகவே முதல் வேலை, உங்கள் தளம் என்னென்ன தரவைத் திரட்டுகிறது என்ற கணக்கெடுப்பு. தொடர்புப் படிவமும் செய்திமடல் பதிவும் உடனே நினைவுக்கு வரும். ஆனால் சர்வர் தானாகப் பதிந்துவைக்கும் ஐபி முகவரிகளையும் (இணையத்தில் பயனரின் இணைப்பை அடையாளம் காட்டும் எண்கள்), வருகையாளர்களைக் கணக்கிடும் பகுப்பாய்வுக் கருவி, பதிக்கப்பட்ட வீடியோ, வரைபடம், வெளியிலிருந்து இறங்கும் எழுத்துரு ஆகியவற்றின் வழியே பிற நிறுவனங்களுக்குச் செல்லும் தரவையும் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். பேஸ்புக்கின் ‘லைக்’ பொத்தானைத் தன் பக்கத்தில் வைத்த தளம், அதன் வழியே தரவு திரட்டப்பட்டு அனுப்பப்படுவதற்குக் கூட்டாகப் பொறுப்பேற்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 ஜூலையில் தீர்ப்பளித்தது. பிரவுசரில் தனிப்பட்ட சாளரம் ஒன்றைத் திறந்து, பக்கம் பின்னணியில் செய்வதைக் காட்டும் டெவலப்பர் கருவிகளை இயக்கி, எதையும் சொடுக்காமல் உங்கள் முகப்புப் பக்கத்தை ஏற்றிப் பாருங்கள். எந்தெந்த முகவரிகளுக்குக் கோரிக்கைகள் செல்கின்றன, எந்தக் குக்கிகள் (தளங்கள் பயனரின் பிரவுசரில் சேமித்துவைக்கும் சிறு தரவுக் கோப்புகள்) பதிகின்றன என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்து, எந்தச் சட்டம் உங்களைக் கட்டுப்படுத்துகிறது என்று பாருங்கள். நீங்கள் இருக்கும் நாட்டைப் பார்த்தால் மட்டும் போதாது. 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, அங்கிருப்பவர்களுக்குப் பொருளோ சேவையோ வழங்க முன்வரும், அல்லது அவர்களுடைய நடத்தையைக் கண்காணிக்கும் வெளிநாட்டுத் தளங்களுக்கும் பொருந்தும். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கேட்கும்போதோ அதற்கு முன்போ அறிவிப்பைத் தர வேண்டும் என்றும், அதை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்றும் சொல்கிறது.

இனி எழுதலாம். நீங்கள் யார், உங்களை எப்படித் தொடர்புகொள்வது என்பதில் தொடங்குங்கள். பிறகு ஒவ்வொரு தரவுக்கும் அதைத் திரட்டும் நோக்கம், சட்ட அடிப்படை (பயனரின் ஒப்புதல் போன்றது), அதைப் பெறுபவர்கள், வைத்திருக்கும் காலம் ஆகியவற்றைச் சொல்லுங்கள். ‘சேவையை மேம்படுத்துவதற்காக’ என்ற சொற்றொடர் எதையுமே சொல்வதில்லை. ‘உங்கள் கேள்விக்குப் பதில் அனுப்ப மின்னஞ்சல் முகவரியைப் பெறுகிறோம், பதில் அனுப்பி ஆறு மாதங்களுக்குப் பின் அழித்துவிடுவோம்’ என்பது எவருக்கும் விளங்கும். ஆனால் ஆறு மாதங்கள் என்று எழுதினால், அழிப்பதற்கான ஏற்பாடும் உங்களிடம் இருந்தாக வேண்டும். தரவைப் பார்க்க, திருத்த, நீக்கக் கோரும் உரிமை, ஒப்புதலைத் திரும்பப் பெறும் வழி, மேற்பார்வை அமைப்பிடம் முறையிடும் உரிமை ஆகியவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

குக்கிகளுக்குத் தனிக் கவனம் தேவை. முன்கூட்டியே குறியிடப்பட்ட பெட்டி ஒப்புதலாகாது என்றும், குக்கி எவ்வளவு காலம் இயங்கும், மூன்றாம் தரப்பினர் அதை அணுக முடியுமா என்பவற்றையும் தெரிவிக்க வேண்டும் என்றும் 2019 அக்டோபர் 1 அன்று அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஒப்புதல் கேட்கும் பட்டை இருப்பதாலேயே அறிவிப்பு தேவையற்றதாகிவிடாது; இரண்டும் வெவ்வேறு கடமைகள்.

அறிவிப்புக்கான இணைப்பை ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், தரவு கேட்கும் படிவத்தின் அருகிலும் வைத்து, நடைமுறைக்கு வந்த தேதியைக் குறிப்பிடுங்கள். புதிய பிளக்-இன் (தளத்துக்குக் கூடுதல் வசதி தரும் இணைப்பு நிரல்) ஒன்றைச் சேர்ப்பதாக இருந்தால், மேலே சொன்ன சோதனையை மீண்டும் செய்து, அறிவிப்பைத் திருத்திய பிறகே அதை இயக்குங்கள்.