ஐந்து பேர், ஒரு பெஞ்ச்: பள்ளிக் குழுவாகத் தச்சு வேலை பழக ஒரு செய்முறை

என் சித்தி மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அவள் பள்ளியில் ஐந்தைந்து பேராகப் பிரித்து, ஏதாவது ஒரு பொருளை மரத்தில் செய்து கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். "அண்ணா, நீங்கல்லாம் படிக்கும்போது ஒரு பெஞ்ச் செஞ்சீங்கள்ல, எப்படின்னு எழுதிக் குடு" என்றாள். அவளுக்காக எழுத ஆரம்பித்தது இது. உளியையும் ரம்பத்தையும் கையில் எடுத்தே பார்க்காதவர்களுக்கும் புரியும்படி எழுதப் பார்த்திருக்கிறேன்.

முதலில் எங்கள் கதையைச் சொல்லிவிடுகிறேன். நாங்களும் ஐந்து பேர். நாலு பேர் ஆளுக்கொரு கால் அளந்து அறுத்தோம். ஒருவன் ஸ்கேலின் ஓரத்திலிருந்து அளந்தான், பூஜ்யத்திலிருந்து அல்ல. ஒருத்தி துணி தைக்கும் டேப்பில் அளந்தாள். நான் பென்சில் கோட்டின் மேலேயே அறுத்தேன். பெஞ்சை நிமிர்த்தி வைத்தால் ஆட்டுக்கல் மாதிரி ஆடியது. நீளமான காலுக்கும் குட்டையான காலுக்கும் மூன்று நூல் வித்தியாசம். (தச்சு வேலையில் நூல் என்றால் இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு.) தனித்தனியாகப் பார்த்தால் யார் வேலையும் மோசமில்லை. அளவு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும்போதுதான் கெட்டது. எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்த ஆசாரி மாமா திட்டவில்லை. ஒரு ரீப்பர் குச்சியை (மெல்லிய, நீளமான மரப்பட்டி) எடுத்துக் கையில் கொடுத்து, "இனிமே டேப்பைத் தொடாதீங்க" என்றார். அந்தக் குச்சி பற்றிக் கீழே விரிவாக வருகிறது.

என்ன செய்யப் போகிறோம்

இரண்டு பிள்ளைகள் உட்காரும் பெஞ்ச். நீளம் 36 இன்ச், உயரம் 16 இன்ச், அகலம் கிட்டத்தட்ட 10 இன்ச். உளியால் துளை கொத்தி மாட்டும் இணைப்பு எதுவும் இல்லை. பசையும் திருகாணியும் மட்டும். உளி வேலை அடுத்த பெஞ்சுக்கு இருக்கட்டும்.

தேவையான துண்டுகள்:

- கால்: 2×2 இன்ச் கட்டையில் 15 இன்ச் நீளம், 4 துண்டு
- குட்டைச் சட்டம் (அகலவாக்கில் கால்களைச் சேர்ப்பது): 3×1 இன்ச் பலகையில் 8 இன்ச், 5 துண்டு
- நீளச் சட்டம் (நீளவாக்கில் சேர்ப்பது): அதே பலகையில் 30 இன்ச், 2 துண்டு
- கீழ்ப்பலகை: அதே பலகையில் 30 இன்ச், 1 துண்டு
- உட்காரும் பலகை: அதே பலகையில் 36 இன்ச், 3 துண்டு

மொத்தம் 15 துண்டு, ஐந்து பேருக்கு ஆளுக்கு மூன்று. இது தற்செயல் இல்லை. குழு வேலை என்றால் கை வேகமுள்ள ஒருவன் எல்லாவற்றையும் அறுப்பான், மற்றவர்கள் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அப்புறம் ஒருவன்தான் தச்சு வேலை படித்திருப்பான், நாலு பேர் வேடிக்கை பார்க்கப் படித்திருப்பார்கள். அவரவர் அறுத்த துண்டில், வெளியே தெரியாத பக்கத்தில், பெயரின் முதல் எழுத்தை எழுதிவிடுங்கள்.

மரம் வாங்குவது

அறுவை மில்லிலோ மரவாடியிலோ கன அடிக் கணக்கில்தான் விலை சொல்வார்கள். கணக்கு சுலபம்: அகலம் இன்ச்சில், கனம் இன்ச்சில், நீளம் அடியில். மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி. பலகை கொஞ்சம் கூடுதலாக 22 அடி வாங்கினால் 66, கட்டை 6 அடிக்கு 24. கூட்டினால் 90. அதை 144ஆல் வகுக்க 0.625 கன அடி. இதைப் போட்டுக் கையில் எழுதிக்கொண்டு போங்கள். பள்ளிப் பிள்ளைகள் கன அடி சொல்லிக் கேட்டால் மில்காரர் முகத்தில் வரும் மாற்றமே தனி.

தேக்கு வேண்டாம். பழகும்போது பாதி வீணாகும், மனசு வலிக்கும். வேம்பு, மா இரண்டும் போதும். வேம்பைப் பூச்சி அவ்வளவாக அண்டாது. மா மலிவு, ஆனால் மழையில் போட்டால் கெட்டுவிடும். பச்சை மரம் மட்டும் கூடவே கூடாது. காயக் காயச் சுருங்கும், முறுக்கும். ஒரே அளவில் இரண்டு பலகையைத் தூக்கிப் பாருங்கள். ஒன்று மட்டும் கனத்தால் அதில் ஈரம் இருக்கிறது. பலகையை ஒரு முனையில் கண்ணுக்கு நேராகப் பிடித்து, துப்பாக்கி குறிபார்ப்பதுபோல் பார்த்தால் வளைவு தெரியும்.

மில்லிலேயே மெஷினில் இழைத்துத் தரச் சொல்லுங்கள். இழைத்தபின் 1 இன்ச் பலகை 7 நூல்தான் இருக்கும். யாரும் ஏமாற்றவில்லை, சுருளாகப் போன மரம் அது. ஒரு பலகையை மட்டும் இழைக்காமல் வாங்கிவந்து இழைப்புளியில் நீங்களே சீவிப் பாருங்கள். மரத்தின் ரேகை ஓடும் திசையில் தள்ளினால் சுருள் சுருளாக வரும். எதிர்த்துத் தள்ளினால் சிம்பு சிம்பாகப் பிய்யும். பிய்ந்தால் பலகையைத் திருப்பிப் போட்டுத் தள்ளுங்கள், அவ்வளவுதான்.

கருவிகள்

கை ரம்பம், மூலமட்டம் (செங்கோணம் பார்க்கும் L வடிவக் கருவி), டேப், திருப்புளி, டிரில் மெஷின், சி கிளாம்ப் (மரத்தைக் கவ்விப் பிடிக்க) இரண்டு, உப்புத்தாள், ஃபெவிகால், 2 இன்ச் திருகாணி 60. டிரில் பிடிக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பின்னல், துப்பட்டா, கயிறு எதுவும் தொங்கக் கூடாது. செருப்பு வேண்டாம், ஷூ.

மூலமட்டம் சரியா என்று முதலில் பாருங்கள். பலகை ஓரத்தில் வைத்து ஒரு கோடு போடுங்கள். அதே இடத்தில் மூலமட்டத்தைத் திருப்பிப் போட்டு இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் சரி. விரிந்தால் அதைத் தந்த கடைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.

டேப் முனையிலுள்ள கொக்கி லொடலொடவென்று ஆடுகிறதே என்று சுத்தியலால் தட்டி இறுக்கிவிடாதீர்கள். எங்கள் வகுப்பில் ஒருவன் அதைத்தான் செய்தான். கொக்கியின் தகடு எவ்வளவு கனமோ அவ்வளவு அது நகர வேண்டும். வெளியில் மாட்டி இழுத்தாலும், உள்ளே முட்டித் தள்ளினாலும் அளவு சரியாக வருவதற்கான ஏற்பாடு அது.

அளவுக் குச்சி

மூன்றடிக்குக் கொஞ்சம் கூடுதலான, நேரான ரீப்பர் ஒன்று எடுங்கள். ஒரு முனையை மூலமட்டம் வைத்துச் சரியாக அறுத்துக்கொள்ளுங்கள். அந்த முனையிலிருந்து 4, 8, 15, 30, 36 இன்ச்சில் கோடு. பென்சில் கோட்டுக்கே ஒரு கனம் உண்டு, அதனால் கத்தி முனையால் கீறுங்கள். ஒருவர் அளக்க, இன்னொருவர் தன் கையால் மறுபடி அளந்து பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போன பிறகு டேப்பைப் பையில் போட்டு மூடிவிடுங்கள்.

கோடுகளுக்குப் பக்கத்தில் எண் எழுதாதீர்கள். "குட்டை", "கால்", "நீளம்", "உட்கார" என்று பெயர் எழுதுங்கள். 4 இன்ச் கோட்டுக்கு "தரை" என்று எழுதிக்கொள்ளலாம், அதன் வேலை பின்னால் வரும். எண்ணைப் பார்த்தால் ஒருவர் 15ஐ 16 என்று படிப்பார். "கால்" என்பதை யாரும் தப்பாகப் படிக்க மாட்டார்கள்.

இனி எந்தத் துண்டை அளந்தாலும் குச்சியைப் பலகைமேல் வைத்துக் குறிக்க வேண்டும். முதல் காலை அறுத்துவிட்டு, அதை வைத்து இரண்டாவதையும், இரண்டாவதை வைத்து மூன்றாவதையும் குறிப்பது பெரிய ஆபத்து. ஒவ்வொரு முறையும் கோட்டின் கனம் கூடிக்கொண்டே போகும். நாலாவது கால் நெட்டையாக நிற்கும். நாலும் குச்சியிலிருந்தே வரட்டும்.

அறுப்பது

ரம்பம் போகிற வழியில் கொஞ்சம் மரத்தைத் தின்னும். ஆகவே கோட்டின் மேலே அறுக்கக் கூடாது, வேண்டாத பக்கத்தில் கோட்டை ஒட்டி அறுக்க வேண்டும். கோடு போடுபவர் ஒருவர், அறுப்பவர் இன்னொருவர் என்றால் எது வேண்டாத பக்கம் என்று எப்படித் தெரியும்? கோடு போட்டவுடனே வேண்டாத பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. குறி இல்லாத துண்டை யாரும் அறுக்கக் கூடாது என்று குழுவில் விதி வைத்துவிடுங்கள்.

கோட்டை மூலமட்டம் வைத்து நாலு பக்கமும் சுற்றி இழுங்கள். கட்டை விரல் கணுவை ரம்பத்தின் பக்கவாட்டில் அணைத்து, முதலில் இரண்டு மூன்று முறை பின்னால் மட்டும் இழுத்தால் ஒரு சின்னப் பள்ளம் விழும். அப்புறம் விரலை எடுத்துவிட்டு நீளமாக, அவசரப்படாமல் அறுக்கலாம். குட்டிக் குட்டியாக அறுத்தால் ரம்பத்தின் நடுப்பல் மட்டும் தேயும், கையும் வலிக்கும். மேசை இல்லையென்றால் ஆசாரி மாமா செய்வதுபோல் தரையில் உட்கார்ந்து காலால் மிதித்துக்கொண்டும் அறுக்கலாம். அது பழக நாளாகும், முதல் முறை கிளாம்ப்தான் நல்லது.

கூட ஒருவர் அறுபடும் முனையைப் பிடிக்க வேண்டும். இந்த வேலையை எளிதாக நினைக்காதீர்கள். அவர் முனையை மேலே தூக்கினால் வெட்டு மூடி ரம்பத்தைக் கவ்வும். கீழே அழுத்தினால் கடைசி நேரத்தில் மரம் பிளந்து நாராகத் தொங்கும். எடையை மட்டும் ஏந்திக்கொள்ள வேண்டும், அதற்குமேல் எதுவும் வேண்டாம்.

துளையும் திருகாணியும்

துளை போடாமல் திருகாணி முடுக்கினால் பலகை ஓரம் பிளக்கும். மேல் துண்டில் திருகாணி லேசாக நுழையும் அளவு துளை (4.5 மி.மீ.), அடித் துண்டில் கடித்துப் பிடிக்கும் அளவு (3 மி.மீ.). இரண்டிலும் இறுக்கமாகப் போட்டால் நடுவில் இடைவெளி விட்டே இறுகும். திருகாணி மரையில் கொஞ்சம் துணி சோப்பு தடவினால் சிரமமில்லாமல் இறங்கும்.

ஒரு காலில் இரண்டு திசையிலிருந்து திருகாணி வரும். இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தால் உள்ளே முட்டிக்கொள்ளும். குட்டைச் சட்டத்துக்கு மேலிருந்து 1, 2¼ இன்ச்சிலும், நீளச் சட்டத்துக்கு ½, 1¾ இன்ச்சிலும் போடுங்கள். சட்டத்தின் முனையிலிருந்து குட்டைக்கு 1 இன்ச், நீளத்துக்கு 1¾ இன்ச் உள்ளே.

சேர்ப்பது

இரண்டு கால்களைச் சமமான தரையில் படுக்க வையுங்கள். மேலே ஒரு குட்டைச் சட்டம், கால் உச்சியோடு சமமாக. கீழே இன்னொன்று, காலின் அடி முனையிலிருந்து 4 இன்ச் விட்டு (குச்சியில் "தரை"). ஃபெவிகால் தடவி, திருகாணியை முழுக்க முடுக்காமல் நிறுத்துங்கள். இப்போது ஒரு சணல் கயிற்றை மூலைக்கு மூலை பிடித்துப் பாருங்கள். இரண்டு மூலைவிட்டமும் சமமாக இருந்தால் சட்டம் கோணவில்லை. ஒன்று நீளமாக இருந்தால் அந்த மூலைகளை உள்நோக்கி அழுத்திச் சமமாக்கிவிட்டு முடுக்குங்கள். கணக்குப் பாடத்தில் செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமம் என்று எழுதியபோது அது எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. கைத்தொழிலை நடுவில் வைத்துப் பாடத்தைச் சொல்லித்தர வேண்டும் என்று காந்தி 1937இல் வார்தா மாநாட்டில் பேசியது இதைத்தான் என்று நினைக்கிறேன். சரி, வேலைக்கு வருவோம்.

இதேபோல் இன்னொரு ஜோடி. இரண்டையும் நிற்க வைத்து, வெளிப்பக்கம் நீளச் சட்டங்களை முடுக்குங்கள். குட்டைச் சட்டத்தின் முனையை நீளச் சட்டம் மூட வேண்டும். ஐந்தாவது குட்டைச் சட்டம் இரண்டு நீளச் சட்டங்களுக்கும் நடுவில், உட்காரும் பலகைக்குத் தாங்கலாக. கீழ்ப்பலகையைக் கால்களுக்கு நடுவே நுழைத்து, கீழ்ச் சட்டங்களின்மேல் படுக்க வைத்து முடுக்கினால் பெஞ்ச் நீளவாக்கில் ஆடாது. வழிந்த பசையை ஈரத்துணியால் உடனே துடைத்து, ஒரு நாள் அப்படியே விட்டுவிடுங்கள்.

உட்காரும் பலகைகளுக்குப் பசை வேண்டாம். இரண்டு பக்கமும் 3 இன்ச் வெளியே நீட்டி, ஓரப் பலகை இரண்டையும் சட்டத்தின் ஓரத்தோடு வைத்து, மூன்றாவதை நடுவில் வையுங்கள். இடைவெளியை அளக்கவே வேண்டாம், தானாக அமையும். மழைக்காலத்தில் பலகை அகலவாக்கில் ஊதும், அதற்கு அந்த இடம் வேண்டும்.

ஆடினால்

குச்சியை வைத்துச் செய்தும் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். நீளமாகத் தெரிகிற காலை ராவி, மறுபடி இன்னொன்றை ராவி என்று போகாதீர்கள். எங்கள் பெஞ்ச் அப்படித்தான் முக்காலி உயரத்துக்கு வந்தது. சமமான தரையில் நிறுத்தி, தூக்கி நிற்கும் காலுக்கு அடியில் அட்டைத் துண்டு செருகி ஆட்டத்தை நிறுத்துங்கள். ஒரு சின்னக் கட்டையின்மேல் பென்சிலைப் படுக்க வைத்து, கட்டையைத் தரையோடு நகர்த்தி நாலு காலையும் சுற்றிக் கோடு போடுங்கள். அந்தக் கோட்டில் நாலையும் அறுத்துவிட்டால் முடிந்தது.

கடைசி வேலை

80, 120, 220 எண் உப்புத்தாள், இந்த வரிசையில், ரேகை ஓடும் திசையில் தேய்க்கவும். ஓரங்களை மழுக்குங்கள், இல்லையென்றால் தொடையில் சிராய் ஏறும். ஆளி விதை எண்ணெயை மெல்லிசாகத் தடவி, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிட்டு, நன்றாகக் காய்ந்தபின் இன்னொரு முறை. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடாகும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்து வெளியில் காயப் போடுங்கள்.

இதை எழுதி முடிப்பதற்குள் தங்கையிடமிருந்து போன். குச்சியில் எல்லாம் சரியாகக் குறித்துவிட்டார்களாம். மத்தியான இடைவேளையில் பையன்கள் அதை எடுத்து ஸ்டம்ப்பாக நட்டு விளையாடியதில் முனை பிளந்துவிட்டதாம். "பிளந்த முனையை அறுத்துட்டு அதையே வச்சுக்கலாமாண்ணா?" என்றாள். வேண்டாம், புதுக் குச்சி எடு என்று சொல்லியிருக்கிறேன்.