ஹைமூர் டேமுக்கு டிரவுட் பிடிக்கப் போகுமுன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே பக்கத்து வீட்டு அங்கிள் யாராவது உங்களைத் தூண்டில் போடக் கடற்கரைக்குக் கூப்பிடுவார். இங்குள்ள தமிழர்களில் பலருக்கு மீன்பிடி என்றால் பைத்தியம். கடற்கரை பழகியதும் டிரேக்கன்ஸ்பெர்க் மலையில் டிரவுட் என்ற நன்னீர் மீனைப் பிடிக்கும் ஆசை தானாக வரும். முதல் பயணத்துக்கு அந்த மலைப் பூங்காவில் இருக்கும் ஹைமூர் போதும். என்3 சாலையில் போய் நாட்டிங்காம் ரோடு என்ற ஊரில் பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். கடைசியில் சரளைக்கல் பாதை; இருட்டுவதற்குள் போய்விடுங்கள். வண்டியை விட்டுவிட்டு, ஏறத்தாழ 2000 மீட்டர் உயரப் புல்வெளியில் நடந்துதான் டேமை அடைய வேண்டும்.

கடல் மீனுக்குத் தபால் நிலையத்தில் வாங்கிய பெர்மிட் அங்கே செல்லாது. பூங்காவைப் பராமரிக்கும் எசெம்வேலோ என்ற அமைப்பிடம் தனியாக வாங்க வேண்டும். மண்புழு, மாவு உருண்டை எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். அங்கே ஃபிளை, அதாவது பூச்சி போலச் செய்த செயற்கைத் தூண்டில் இரை மட்டும்தான்.

எப்போது போகலாம்? என்னைக் கேட்டால் ஏப்ரல், மே. தண்ணீர் குளிர்ந்து மீன் சுறுசுறுப்பாகிவிடும், இடிமழையும் குறைந்திருக்கும். செப்டம்பர் கடைசியும் நல்ல காலம்தான், ஆனால் புரட்டாசி! இங்கே அந்த மாதம் மீன், கறி தொடாத வீடுகள் ஏராளம். கூட வர அங்கிள் கிடைப்பது சந்தேகம்.

டிசம்பர், ஜனவரி இங்கே கோடை. லீவு கிடைப்பதும் அப்போதுதான், இடி விழுவதும் அப்போதுதான். காலையில் வானம் பளிச்சென்று இருக்கும். மதியம் தாண்டியதும் மலைக்குப் பின்னாலிருந்து மேகம் திரண்டுவிடும். மரமில்லாத புல்வெளியில் உயரமாக நிற்பது நீங்கள் மட்டும்தான், அதுவும் கையில் மின்சாரம் பாயக்கூடிய கார்பன் தூண்டிலோடு. எனவே விடியற்காலையில் தொடங்கி, பதினோரு மணிக்கெல்லாம் மூட்டை கட்டுங்கள். மின்னல் வெட்டி 30 வினாடிக்குள் இடி கேட்டால் யோசிக்கவே வேண்டாம்: தூண்டிலைக் கீழே போட்டுவிட்டு, தண்ணீரை விட்டு விலகி, வண்டிக்குள் போய்க் கதவைச் சாத்துங்கள். தனி மரத்தடியும் பாறை இடுக்கும் ஆபத்து. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை வெளியே வரவேண்டாம். "இன்னும் ஒரே ஒரு வீச்சு" என்று நண்பர் கெஞ்சுவார், கேட்காதீர்கள்.

கோடையானாலும் ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் வேண்டும். செல்போனில் சிக்னல் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். மலைக்குள் போகும்போது பதிவேட்டில் பெயர் எழுதினால், திரும்பியதும் அதிலேயே குறித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, உங்களைத் தேடி மலையில் ஆள் அலைய வேண்டியிருக்கும்.