ஊரோர மலைப்பாதையைச் சீரமைக்க: தண்ணீரும் தேவாங்கும்

குமரி மாவட்டத்தில் மலைப்பாதையைக் கெடுப்பது கால்களைவிடத் தண்ணீர்தான். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் இங்கே உண்டு. பாதை வழியே ஓடும் நீர் நடுவில் அரித்து ஓடை போடும். நடப்பவர்கள் ஓரமாக ஒதுங்குவார்கள். இரண்டடிப் பாதை ஆறடியாகிவிடும். அதனால் வேலையில் பாதி, தண்ணீரைப் பாதையிலிருந்து இறக்கிவிடுவதுதான்.

முதலில் நிலம் யாருடையது என்று பாருங்கள். காப்புக்காடோ சரணாலயமோ என்றால் வனத்துறையின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் மண்வெட்டி எடுக்கக் கூடாது. பொதுச்சேவைதானே என்ற பேச்சு அங்கே எடுபடாது. வேலைக்குத் தை, மாசி நல்லது: மண்ணில் ஈரம் இருக்கும், இடித்தால் இறுகும். பங்குனிக்கு மேல் மண் தூளாகும், காட்டுத்தீ பயமும் சேரும். காலை எட்டுக்குத் தொடங்கி மாலை நான்குக்கு இறங்கிவிடுங்கள்.

பாதையின் அகலம் மூன்றடி போதும். பள்ளத்துப் பக்கம் மீட்டருக்கு 5 செ.மீ. தாழ்வாக இருக்கட்டும், ஒரு மீட்டர்ப் பலகையும் ரசமட்டமும் வைத்துச் சரிபார்க்கலாம். நீளவாக்கில் ஏற்றம் பத்துக்கு ஒன்றைத் தாண்டும் இடங்களில் 10 முதல் 15 மீட்டருக்கு ஒரு கல்தடுப்பு வேண்டும். ஒன்றரையடிக் கற்களில் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகட்டும். தடுப்பைப் பாதைக்குக் குறுக்கே நேராக வைத்தால் வண்டல் அடைத்து நீர் மேலேறிப் போகும். 45 பாகை சாய்வாக வைத்து, கீழ்முனையைப் பாதை ஓரத்துக்கு வெளியே ஒன்றரையடி நீட்டுங்கள். சிறு கல் வைத்தால் முதல் கூட்டத்திலேயே உருண்டுவிடும்.

செங்குத்தான இடத்தில் படி தேவை. கீழிருந்து மேலாகக் கட்டுங்கள். உயரம் 15 முதல் 18 செ.மீ., மேல்கல் கீழ்க்கல்லின் மேல் குறைந்தது 5 செ.மீ. ஏறி உட்கார வேண்டும். இருபுறமும் பெரிய கல் வைக்காவிட்டால் ஆட்கள் படியை விட்டு ஓரத்தில் ஏறுவார்கள். சிமென்ட் வேண்டாம்: வெடித்த பிறகு அடியில் நீர் புகுந்து முழுப் பலகையாகப் பெயரும், கல்லிடுக்கும் அடைபடும். கையாலை (சாந்தில்லாக் கல்சுவர்) அடுக்கத் தெரிந்த ஆட்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிடுங்கள்.

கல்லைப் பக்கத்திலிருந்து பெயர்க்காதீர்கள். புதைந்த கல்லின் அடி, அரணைக்கும் பல்லிக்கும் தேளுக்கும் வீடு. வெளியிலிருந்து கொண்டுவருவதே சரி. தவிர்க்க முடியாமல் ஒரு கல்லை நகர்த்தினால், உங்களுக்கு எதிர்ப்புறம் திறக்கும்படி கடப்பாரையால் நெம்புங்கள். பாம்பு இருந்தால் அந்தப் பக்கம் போகும். கரையான் புற்றை இடிக்க வேண்டாம், அழுங்கு (எறும்புதின்னி) அதை நம்பித்தான் வாழ்கிறது. உலக அளவில் அழியும் நிலையில் உள்ள விலங்கு அது.

கிளை வெட்டுவதில்தான் பலரும் தவறுகிறார்கள். தேவாங்குக்குத் தாவத் தெரியாது. கிளைக்குக் கிளை கைமாற்றித்தான் நகரும். பாதைக்கு மேலே பின்னிய கிளையையும் கொடியையும் ‘வெளிச்சம் வரட்டும்’ என்று வெட்டினால், அது தரையில் இறங்கிக் கடக்க வேண்டியிருக்கும். நாயும் அங்கேதான் நிற்கும். ஏழடிக்குக் கீழே முகத்தில் படுவதை மட்டும் வெட்டுங்கள், மேலே கை வைக்காதீர்கள். 2017 ஒக்கிப் புயலில் சாய்ந்த மரம் போல ஏதாவது குறுக்கே கிடந்தால் பாதையின் அகலம் மட்டும் அறுத்துவிட்டு, மிச்சத்தை அப்படியே மக்க விடுங்கள். தேவாங்கு இரவில் நடமாடுவது, அதனால் விளக்குக் கம்பமும் வேண்டாம்.

களையாகப் பரவும் உண்ணிச்செடியை (லாந்தானா) வேரோடு பிடுங்கலாம், ஆனால் ஒரே நாளில் மலைச்சரிவு முழுவதையும் மொட்டையடிக்காதீர்கள். மூலிகைக்குப் பெயர்போன மருந்துவாழ்மலை போன்ற இடத்தில் ஆட்களை இறக்கும் முன், எது மூலிகை, எது களை என்று வைத்தியர் ஒருவரை வைத்து அவர்களுக்குக் காட்டுங்கள். கூலிக்கு வருபவருக்கு எல்லாமே களைதான்.

குறுக்குவழிகளை மூட முள்வேலி தேவையில்லை. இரு முனைகளிலும் மூன்று, நான்கு மீட்டருக்கு மண்ணைக் கொத்திக் காய்ந்த கிளைகளைப் போட்டால் போதும். வழி கண்ணில் படாவிட்டால் யாரும் இறங்கமாட்டார்கள். குப்பைத்தொட்டி அடிவாரத்தில் மட்டும், மூடியோடு. மேலே வைத்தால் குரங்கு கிளறும்.

முதல் பெருமழை விட்டதும் மண்வெட்டியோடு ஏறிப் பாருங்கள். தடுப்பின் வாயில் வண்டல் நிறைந்திருந்தால் அள்ளி, பாதையிலேயே பரப்புங்கள். நீர் இறங்கும் இடம் குழிந்திருந்தால் தட்டைக் கல் நான்கைந்து பதியுங்கள்.